ஆன்லைன் வகுப்பில் யார் பேச வேண்டும்?

ஆன்லைன் வகுப்புகளைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான புகார்கள் அடிக்கடி கேட்கின்றன. "பிள்ளை ஒரு மணி நேரம் போனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் ஒன்றும் தெரியவில்லை" என்பது முதலாவது. "அந்த உஸ்தாத் ஒன்றும் நடத்துவதில்லை, பிள்ளைகளிடமே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். இதற்கா மாதாமாதம் ஃபீஸ்?" என்பது இரண்டாவது.

முதல் புகாரில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது புகாரில் பெரும்பாலும் இல்லை. ஆனால் பெற்றோர்கள் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்துவது பல நேரங்களில் இரண்டாவது காரணத்துக்காகத்தான். நல்ல முறையில் நடக்கும் வகுப்பை விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசும் ஆசிரியரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இது ஏன் நஷ்டம் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

ஆங்கிலத்தில் 'ஆக்டிவ் லேர்னிங்' என்று சொல்வதைத் தமிழில் செயலூக்கக் கற்றல் என்று சொல்லலாம். மாணவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்காமல் யோசித்து, ஊகித்து, எழுதி, சொல்லிப் பார்த்து, தவறினால் திருத்திக்கொண்டு படிப்பது இது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் அட்டைகளை வைத்து நடந்த செயல்வழிக் கற்றலைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கை வேலை செய்தால் போதாது, மூளை வேலை செய்ய வேண்டும். திரையில் வண்ண வண்ணமாக விளையாட்டு ஓடுவதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது.

இது வெறும் கருத்து என்று நினைக்க வேண்டாம். 2014-ல் ஸ்காட் ஃப்ரீமன் என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் மட்டுமே பேசிய வகுப்புகளில் தோல்வி விகிதம் ஏறத்தாழ 34 சதவீதம். மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் அது ஏறத்தாழ 22 சதவீதம். 2020-ல் அதே வழியில் வந்த இன்னொரு தொகுப்பாய்வு நமக்கு இன்னும் முக்கியமானது. சமூகத்தில் பின்தங்கிய நிலையிலிருந்து வரும் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணில் இருக்கும் இடைவெளி, இந்த முறையில் நடந்த வகுப்புகளில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் நிறைந்த சமுதாயம் நம்முடையது. இந்தக் கண்டுபிடிப்பை நாம் சும்மா கடந்து போக முடியாது.

அப்படியானால் பெற்றோருக்கு ஏன் "நடத்தவே இல்லை" என்று தோன்றுகிறது? பெற்றோருக்கு மட்டுமல்ல, படிக்கும் மாணவர்களுக்கே அப்படித்தான் தோன்றுகிறது. 2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் இதைச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தேர்ந்த, சரளமான விரிவுரை. இன்னொரு பிரிவினருக்கு அதே பாடம், ஆனால் கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்த்து, பிறகு ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்கும் முறை. "எவ்வளவு கற்றீர்கள்?" என்று கேட்டபோது விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள். தேர்வு வைத்தபோது அதிகம் கற்றிருந்தவர்கள் மற்றவர்கள். சரளமாகப் பேசுபவரைக் கேட்கும்போது எல்லாம் புரிந்தது போலிருக்கும். தானே யோசிக்கும்போது தடுமாற்றமும் களைப்பும் வரும். அந்தத் தடுமாற்றத்தைத்தான் நாம் 'ஏறவில்லை' என்று தவறாக எடுத்துக்கொள்கிறோம்.

ஆன்லைனில் இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகிறது. நேரடி வகுப்பில் ஆசிரியர் பேசிக்கொண்டே இருந்தாலும் பிள்ளைகளின் முகம் தெரியும். ஒருவன் விழிப்பதைப் பார்த்து நிறுத்தித் திரும்பச் சொல்வார். திரையில் கறுப்புப் பெட்டிகளும் பெயர்களும்தான் தெரிகின்றன. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்ட பிறகு, கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் வீட்டுக்கு வந்தன. இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு அது பேருதவி. ஆனால் தொலைக்காட்சி திரும்பக் கேள்வி கேட்காது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிள்ளைகளோடு உட்கார வேண்டி வந்தது. திரையில் விட்டுப்போனதை நிரப்ப அங்கே ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

ஒரு கேள்வியை வைத்து ஒரு வகுப்பு

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். தஜ்வீதில் நூன் ஸாகின் சட்டங்கள். சுகூன் பெற்ற நூனுக்குப் பிறகு எந்த எழுத்து வருகிறது என்பதைப் பொறுத்து நான்கு வகை. இழ்ஹாருக்கு 6 எழுத்துகள், இத்காமுக்கு 6, இக்லாபுக்கு ஒன்றே ஒன்று, மீதி 15 எழுத்துகள் இக்ஃபாவுக்கு. ஆன்லைனில் வழக்கமாக என்ன நடக்கிறது? ஆசிரியர் நான்கு வகையையும் விளக்குவார், உதாரணங்களை ஓதுவார், "புரிந்ததா?" என்பார். "புரிந்தது உஸ்தாத்" என்று ஒரே குரலில் பதில் வரும். மறுவாரம் யாருக்கும் நினைவிருக்காது.

இப்படிச் செய்து பார்க்கலாம். பத்து நிமிடம் சட்டங்களை விளக்கிவிட்டு, திரையில் ஒரே ஒரு சொல்லைக் காட்டுங்கள்: துன்யா. இது எந்த வகை? யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் விடையை ஆசிரியருக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். நூனுக்குப் பிறகு யா வருகிறது. யா இத்காம் எழுத்து. ஆகவே பெரும்பாலான பிள்ளைகள் 'இத்காம்' என்றுதான் அனுப்புவார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும், "நாம் துன்யா என்றுதானே ஓதுகிறோம், துய்யா என்று ஓதுவதில்லையே" என்று யோசித்து 'இழ்ஹார்' என்று அனுப்புவார்கள். ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. "விடைகள் இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. மூன்று மூன்று பேராகப் பேசுங்கள், மற்றவரை உங்கள் பக்கம் இழுக்கப் பாருங்கள்" என்று நான்கு நிமிடம் விட வேண்டும். பிறகு மறுபடியும் வாக்கெடுப்பு. அதற்குப் பிறகுதான் விளக்கம். இத்காம் இரண்டு சொற்கள் சந்திக்கும் இடத்தில் மட்டுமே நடக்கும். ஒரே சொல்லுக்குள் நூனும் யாவும் அல்லது நூனும் வாவும் சேர்ந்து வந்தால் நூனைத் தெளிவாகவே ஓத வேண்டும். துன்யா, புன்யான், ஸின்வான், கின்வான் என்று குர்ஆனில் இப்படி வருவது நான்கே சொற்கள்.

இந்த விளக்கம் இனி மறக்காது. காரணம், தன் விடை தவறு என்று தெரிவதற்கு முன்பே பிள்ளை அந்த விடைக்காக வாதாடியிருக்கிறது.

இந்த முறைக்கு 'சகமாணவர் வழி கற்பித்தல்' என்று பெயர். 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் இதை உருவாக்கினார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிடுவார்கள், ஆனால் அடிப்படைக் கருத்தைக் கேட்டால் தடுமாறுவார்கள். எத்தனை தடவை விளக்கினாலும் மாறாத அந்தத் தடுமாற்றம், மாணவர்களைத் தங்களுக்குள் பேசவிட்டபோது சில நிமிடங்களில் விலகத் தொடங்கியது. இப்போதுதான் புரிந்துகொண்ட ஒரு மாணவனுக்கு, புரியாதவன் எங்கே சிக்குகிறான் என்பது ஆசிரியரைவிட நன்றாகத் தெரிகிறது. முதல் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லும் கேள்விகளே விவாதத்துக்கு ஏற்றவை. எல்லோருக்கும் தெரிந்தால் பேச ஒன்றுமில்லை. யாருக்குமே தெரியாவிட்டால் அறியாமையைத்தான் பரிமாறிக்கொள்வார்கள். அப்போது ஆசிரியர் திரும்ப விளக்க வேண்டும். துன்யா கேள்வியில் முதல் தடவை சரியான விடை மிகக் குறைவாக வந்தால், "நீங்கள் வழக்கமாக எப்படி ஓதுகிறீர்கள்? வாய்விட்டு ஓதிப் பாருங்கள்" என்று ஒரு குறிப்புக் கொடுத்துவிட்டுப் பேசவிடலாம்.

பள்ளிப் பாடத்துக்கும் இதுவே வழி. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சதவீதம் நடத்துகிறீர்கள் என்றால் ஸகாத் கணக்கைவிட நல்ல உதாரணம் நம் வீட்டில் கிடையாது. 3,20,000 ரூபாய்க்கு 2.5 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் 8,000 என்று கால்குலேட்டர் சொல்லிவிடும். "பெரியவர்கள் நேராக 40-ஆல் வகுத்துவிடுகிறார்களே, அது எப்படிச் சரியாக வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே கால்குலேட்டர் உதவாது.

வசதி குறைந்த வீடுகளில்

"இதெல்லாம் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு" என்று தோன்றலாம். உண்மையில் செலவு அதிகமில்லை. ஜூமில் வாக்கெடுப்பு வசதி வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும். ஆனால் அரட்டைப் பகுதியை 'நடத்துநருக்கு மட்டும்' என்று மாற்றி வைத்தால் அதுவே இரகசிய வாக்குப்பெட்டி. வாட்ஸ்அப் வாக்கெடுப்பை முதல் சுற்றுக்குப் பயன்படுத்த வேண்டாம். யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது அதில் எல்லோருக்கும் தெரியும். வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை எதைத் தொட்டதோ அதையே மற்றவர்களும் தொடுவார்கள். நோட்டின் ஒரு தாளில் பெரிதாக எழுதி, "ஒன்று, இரண்டு, மூன்று" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கேமரா முன் காட்டச் சொல்வது எந்தச் செயலியும் தேவைப்படாத வழி. ஜூமின் இலவச வகுப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடுவதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு அது வரப்பிரசாதம் என்றுதான் நான் சொல்வேன்.

கேமரா விஷயத்தில் நம் குடும்பங்களுக்கென்று ஒரு நிலைமை இருக்கிறது. வளர்ந்த பெண் பிள்ளைகள் கேமராவை நிறுத்தி வைக்கவே வீட்டில் விரும்புவார்கள். ஒரே அறையில் குடும்பமே இருக்கும் வீடுகளில் ஆண் பிள்ளைகளுக்கும் அதே நிலைதான். சில ஆசிரியர்கள் "கேமரா போடாதவர்கள் வகுப்பில் இல்லை" என்று கடுமை காட்டுகிறார்கள். அது தேவையில்லை. முகம் தெரிந்தால் கவனம் இருக்கிறது என்று அர்த்தமும் இல்லை. திரையைப் பார்த்தபடியே கேம் விளையாடும் கலை நம் பிள்ளைகளுக்குக் கைவந்தது. முகத்துக்குப் பதிலாக வேலையைக் காட்டச் சொல்லலாம். கேமராவை நோட்டின் மேல் திருப்பி வைக்கலாம், அல்லது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரட்டையில் ஒரு சொல் பதில் கேட்கலாம். குரலும் வேண்டாம், முகமும் வேண்டாம் என்ற நிலையில்கூட எழுத்தில் முழுமையாகப் பங்கெடுக்க முடியும்.

சிறு குழுக்களாகப் பிரிக்கும்போது சில எச்சரிக்கைகள் தேவை. இரண்டு பேரைவிட மூன்று பேர் நல்லது. ஒருவருடைய இணைப்பு அறுந்தாலும் பேச்சு நிற்காது. பிள்ளைகள் கண்காணிப்பில்லாமல் தனியாக இருக்கிறார்கள் என்ற பெற்றோரின் கவலையும் குறையும். ஆண், பெண் பிள்ளைகளைத் தனித்தனிக் குழுவாக வைப்பது, ஆசிரியர் ஒவ்வொரு அறையாக வந்து எட்டிப் பார்ப்பது, ஹெட்போன் இல்லாமல் வீட்டார் காதில் விழும்படி பேசச் சொல்வது ஆகியவற்றை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். குழுவுக்கு என்ன வேலை என்பதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். "பேசுங்கள்" என்று மட்டும் சொன்னால் நான்கு நிமிடமும் "ஹலோ, கேட்குதா?"விலேயே போய்விடும்.

வரலாற்றுப் பாடங்களுக்கு வேறொரு முறை பொருந்தும். 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பகைமை மூண்டிருந்த நேரத்தில், எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்தது அது. பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட்டார். மற்றவர் சொல்வதைக் கேட்காமல் எவராலும் முழுப் பாடத்தையும் அறிய முடியாது. நாம் நான்கு கலீஃபாக்களைப் பற்றிய பாடத்தை இப்படி நடத்தலாம். ஒரு பிள்ளைக்கு அபூபக்ர் (ரலி) காலத்தில் குர்ஆன் ஒரே தொகுப்பாக்கப்பட்டது, அடுத்தவருக்கு உமர் (ரலி) காலத்தில் ஹிஜ்ரி ஆண்டு ஏற்பட்டது, மூன்றாமவருக்கு உஸ்மான் (ரலி) பிரதிகளைப் பல நகரங்களுக்கு அனுப்பியது, நான்காமவருக்கு அலீ (ரலி) கூஃபாவைத் தலைநகராக்கியது. ஒரே தலைப்பைப் பெற்றவர்கள் முதலில் கூடிப் பேசித் தயாராகி, பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்றுக்கொடுக்க வேண்டும். வாய் திறக்காத பிள்ளைக்கும் அன்று பேசியே ஆக வேண்டிய காரணம் இருக்கும்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது

1970களில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோதே பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆன்லைனில் மைக்கைத் திறக்கவும், ஒலி போய்ச் சேரவும் நேரம் பிடிக்கும். பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த மௌனம் ஆசிரியருக்குக் கஷ்டமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கேட்டுக் கற்பிப்பது நமக்கு வெளியிலிருந்து வந்ததல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இலை உதிராத ஒரு மரம் முஸ்லிமுக்கு உவமையானது, அது எந்த மரம் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்ட நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியின் கல்வி அத்தியாயத்தில் பதிவாகியுள்ளது. தோழர்களின் எண்ணம் பாலைவன மரங்களின் பக்கம் போனது. சிறுவராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்குப் பேரீச்சை என்று மனத்தில் பட்டது, ஆனால் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. பிறகு தம் தந்தையிடம் அதைச் சொன்னபோது, "நீ சொல்லியிருக்கலாமே, அது எனக்கு எவ்வளவு பிரியமாக இருந்திருக்கும்" என்ற கருத்தில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். விடை தெரிந்தும் வெட்கப்படும் பிள்ளை எல்லா வகுப்பிலும் உண்டு. விடையைத் தனியாக எழுதி அனுப்பும் வசதி ஆன்லைனில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு. நேரடி வகுப்பில்கூட அது இல்லை.

ஹிஃப்ழ் மதரஸாக்களில் புதுப் பாடம், அண்மையில் ஓதிய பாடம், பழைய பாடம் என்று மூன்றையும் நாள்தோறும் பார்க்காமல் ஒப்புவிக்கச் சொல்வதும் இதே வகைதான். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை, அதில் இருக்கும் நுட்பத்தை எண்களில் காட்டியது. ஒரு பத்தியை நான்கு தடவை திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்கள் 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முதல் குழு 40-க்கு இறங்கியிருந்தது, இரண்டாவது குழு 61-ல் நின்றது. இன்று இரவு பார்த்தால் திரும்பத் திரும்பப் படித்த பிள்ளைதான் கெட்டிக்காரனாகத் தெரியும். அடுத்த வாரம்தான் உண்மை தெரியும். ஆகவே ஆன்லைன் வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தைச் சென்ற வாரப் பாடத்துக்கு ஒதுக்கலாம். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருப்பதை எழுதச் சொன்னால் போதும், மதிப்பெண் போட வேண்டாம்.

பதிவுசெய்து அனுப்பும் வீடியோக்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. எட்எக்ஸ் இணையக் கல்வித் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவுகளை 2014-ல் ஆராய்ந்தபோது, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்களின் ஈடுபாடு பெரும்பாலும் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அவர்களும் விரும்பிச் சேர்ந்த, பெரும்பாலும் வயது வந்த மாணவர்கள். நாற்பது நிமிட பயானைப் பத்து வயதுப் பிள்ளைக்கு அனுப்பிவிட்டு முழுவதும் பார்த்தானா என்று விசாரிப்பதைவிட, ஆறு நிமிடத் துண்டாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கேள்வி வைத்து, விடையைக் குரல் பதிவாக அனுப்பச் சொல்வது நல்லது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி வந்ததும் பக்கத்திலிருந்து உம்மா கிசுகிசுப்பதை மைக் வகுப்பு முழுவதற்கும் கொண்டுபோய்விடுகிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பிள்ளைக்குத் தெரியாதது எது என்று ஆசிரியர் கண்டுபிடிக்கும் ஒரே வாய்ப்பை அது கெடுத்துவிடுகிறது. பிள்ளை தவறாகச் சொல்லட்டும். வகுப்பு முடிந்த பிறகு வாப்பாவோ உம்மாவோ கேட்க வேண்டியதும் "இன்று என்ன நடத்தினார்கள்?" என்பதல்ல. அதற்கு "நூன் ஸாகின்" என்று இரண்டு சொல்லில் பதில் வந்துவிடும். "இன்று நீ எதைத் தப்பாகச் சொன்னாய், அது ஏன் தப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். வளைகுடாவில் இருக்கும் தந்தைகள் வெள்ளிக்கிழமை வீடியோ அழைப்பில் இதையே கேட்கலாம். பிள்ளை தன் தவறை விளக்கிச் சொன்னால் அந்த வகுப்பு நன்றாக நடக்கிறது. "எதுவுமே தப்பாகச் சொல்லவில்லை" என்று ஒரு மாதமாகப் பதில் வந்துகொண்டிருந்தால், ஆசிரியரிடம் ஒரு தடவை பேசிப் பார்ப்பது நல்லது.